பன்னிரண்டு வருடம் என்று நாம் சொன்ன குழாய்

இன்று காலை சேலம் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராசிபுரத்தில் கிளம்பி ஆண்டகளூர் கேட் வரும்வரை கண்ணாடி அமைதியாக இருந்தது. நான்குவழிச் சாலையில் ஏறி வண்டி வேகம் பிடித்ததும் கடகடவென்று ஆரம்பித்துவிட்டது. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. டிக்கெட்டை எடுத்து மடித்து, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினேன். இப்போது மெஷினில் வருகிற டிக்கெட் வழவழப்பாகவும் மெலிசாகவும் இருக்கிறது. நான்கு மடிப்பு போதவில்லை, எட்டாக மடிக்க வேண்டியிருந்தது. சத்தம் நின்றது.

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து, செக்கிங் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதே கேள்வியை நான் உங்களிடம் கேட்டுத்தான் நம் பழக்கம் தொடங்கியது. அன்றைக்கு நீங்கள் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னேன். "ஜன்னல்ல இருக்குதுன்னு காட்டுவேனுங்க."

அவர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் மல்லூர் வரும்வரை மனசுக்குள் உங்களோடு பேசிக்கொண்டே வந்தேன். சொல்லி முடிக்கவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். காகிதம் பறக்காமல் இருக்க நீங்கள் கொடுத்த குழாய்த் துண்டுதான் மேலே இருக்கிறது.

பதினோரு வருடம் ஒரே பேருந்தில் போனோம். நான் சேலத்தில் இறங்கிப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவேன். நீங்கள் அங்கிருந்து கம்பெனி வண்டி பிடித்து ஓமலூர் தாண்டி உங்கள் ஆலைக்குப் போவீர்கள். ஆலையில் இயந்திரங்களைச் சோதித்து, இது இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை. முதல்முறை அதைக் கேட்டபோது நான் ஜோசியம் மாதிரியா என்று கேட்டுவிட்டேன். உங்களுக்குக் கோபம் வரவில்லை. "ஜோசியர் சொன்னது தப்பாப் போனா அவரு ஊட்டுக்குப் போயிரலாமுங்க. நான் சொன்னது தப்பாப் போனா ஆளுங்க ஊட்டுக்குப் போக முடியாது" என்றீர்கள். அதற்கப்புறம் நான் அந்த வேலையைக் கேலி செய்ததில்லை.

உங்கள் ஆலையின் வெப்பமாற்றியை எனக்குப் புரியவைக்க நீங்கள் பேருந்தையே பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டீர்கள். ஆளுயரத்துக்கும் பெரிய ஓர் இரும்பு உருளை. அதற்குள் கட்டுக்கட்டாக நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள். குழாய்க்குள்ளே கொதிக்கக் கொதிக்கக் காரக் கரைசல் ஓடும். வெளியே குளிர்ந்த தண்ணீர் குழாய்களின் குறுக்கே பாய்ந்து அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். குழாய்கள் தொய்ந்து விழாமல் இருக்க நடுநடுவே துளையிட்ட தகடுகள் தாங்கிப் பிடித்திருக்கும். துளை குழாயை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் குழாயை உள்ளே நுழைக்கவே முடியாது. "இடைவெளி வேணுமுங்க. ஆனா தண்ணி வேகம் எடுத்துச்சுன்னா குழாய் ஆட ஆரம்பிச்சுரும். ஆடுனா தகட்டு ஓரத்துல உரசும். உரசுனா தேயும்" என்று சொல்லி, கடகடக்கிற கண்ணாடியைச் சுட்டிக் காட்டினீர்கள். நான் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரித் தலையாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தீர்கள். என் மேசை நிறைய அரையாண்டு விடைத்தாள்கள். அவற்றைத் தள்ளி வைத்து உட்காரச் சொன்னேன். சட்டைப்பையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தீர்கள். அந்த வெப்பமாற்றியை முதல்தடவையாகத் திறந்து சோதித்திருந்தீர்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு கம்பிச் சுருளை விட்டு இழுத்தால் சுவர் எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கருவி காட்டிவிடுமாம். சில குழாய்களில் தாங்கு தகடு இருக்கும் இடத்தில் தேய்மானம் தெரிந்தது.

மோசமான குழாயின் கணக்கை என் முன்னால் வைத்தீர்கள். புதிதாக மாட்டியபோது சுவர் இரண்டு மில்லிமீட்டர். இப்போது ஒன்று புள்ளி நான்கு. பூஜ்யம் புள்ளி எட்டுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்காது. ஓட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மீதி எத்தனை வருடம்?

இதை நான் எட்டாம் வகுப்புக்கே கொடுப்பேன். பன்னிரண்டு வருடத்தில் புள்ளி ஆறு தேய்ந்திருக்கிறது. இன்னும் தேயக்கூடியதும் அதே புள்ளி ஆறுதான். ஒரு விடைத்தாளின் பின்பக்கம் நேர்கோடு ஒன்று வரைந்து, "இன்னும் ஒரு பன்னிரண்டு வருசமுங்க" என்றேன். நீங்களும் அதையே போட்டு வைத்திருந்தீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்ததில் இரண்டு பேருக்கும் சந்தோஷம். பன்னிரண்டில் பாதி ஆறு, அதனால் ஆறு வருடத்துக்குள் மறுபடி திறந்து பார்த்தால் போதும் என்றீர்கள். மீதியிருக்கும் ஆயுளில் பாதி கழிவதற்குள் அடுத்த சோதனை வந்துவிட வேண்டும் என்பது உங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஆயுள் குறையக் குறைய அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று விளக்கினீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு அறிக்கையைக் கொடுத்துவிட்டீர்கள்.

புதன்கிழமை காலை, பேருந்தில் வழக்கம்போல டிக்கெட்டைச் செருகினீர்கள். கண்டக்டர் அதைப் பார்த்து, "தெனமும் உங்களுக்கு இதே வேலைங்களா?" என்று கேட்டார். நான் விளையாட்டாக, இந்த வண்டி ரோட்டுக்கு வந்த நாளில் இருந்தே கண்ணாடி இப்படித்தானா என்று கேட்டேன்.

"இல்லீங்க சார். வண்டி எட்டு வருசமா ஓடுது. முன்னெல்லாம் கண்ணாடி கம்முனுதான் இருந்துச்சு. நாலுவழி ரோடு போட்டு டிரைவர் வெரட்ட ஆரம்பிச்சதுல இருந்துதான் இந்தக் கூத்து. ஒரு வருசத்துல சட்டமே லொடலொடன்னு ஆயிருச்சு."

அவர் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.  உங்கள் கை ஜன்னலிலேயே இருந்தது. மல்லூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"வாத்தியாரே, பம்பு மாத்தி ஒன்றரை வருசந்தானுங்க ஆச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். கோடைக்காலத்தில் குளிர்ச்சி போதவில்லை என்று தண்ணீர்ப் பம்பை மாற்றிப் பெரியதாக வைத்திருந்தார்கள். அதிலிருந்து தண்ணீர் வேகமாகப் பாய்கிறது. அதற்கு முன்னால் பத்தரை வருடம் அந்தக் குழாய்கள் ஆடியிருக்கவே வாய்ப்பில்லை. அப்படியானால் புள்ளி ஆறு மில்லிமீட்டரும் தேய்ந்தது பன்னிரண்டு வருடத்தில் இல்லை. ஒன்றரை வருடத்தில்.

மீதி புள்ளி ஆறும் ஒன்றரை வருடம்தான் தாங்கும். அதுவும் தாங்காது. தேயத் தேய இடைவெளி அகலமாகும், இடைவெளி அகலமானால் குழாய் இன்னும் ஓங்கி இடிக்கும். கண்டக்டர் சொன்ன சட்டம் மாதிரி. குழாய் ஓட்டையானால் காரக் கரைசல் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீர் சூடு ஆறுவதற்காகப் போய்க் கொட்டுகிற குளிர்கோபுரத்தின் அடியில் பாசி வழிக்கிற ஆட்கள் நான்கு பேர் வேலை செய்கிறார்கள் என்றீர்கள். அவர்கள் மேல்தான் அது தெறிக்கும். நமக்கு ஆறு வருடம் கழித்துப் பார்த்தால் போதும் என்று தோன்றிய இயந்திரம் அது.

சேலம் வந்ததும் நீங்கள் கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்விட்டீர்கள். ஜன்னலில் செருகிய டிக்கெட்டை எடுக்க மறந்து போனதை நான் பார்த்தேன்.

அன்றைக்கு நான் எடுத்த பாடம் எதுவும் எனக்கு நினைவில்லை. மாலைப் பேருந்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "அறிக்கைய வாபஸ் வாங்கிட்டேனுங்க. தண்ணி வால்வைப் பாதி மூடிட்டாங்க. உற்பத்தி குறையும், குறையட்டும். தேஞ்ச குழாயெல்லாம் ரெண்டு முனையிலும் அடைச்சிர்றோம். புதுக் குழாய்க் கட்டுக்கு ஆர்டர் போடச் சொல்லியாச்சு" என்றீர்கள். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். "என்னங்க சொல்லப் போறாங்க" என்று பேச்சை மாற்றினீர்கள். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் கொட்டினீர்கள்.

என்ன சொன்னார்கள் என்பதை நான்கு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் தெரிந்துகொண்டேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் உங்கள் ஆலையில் ஃபிட்டர். உங்கள் பெயரைச் சொன்னதும் அவருக்குச் சாப்பாடு மறந்துபோனது. நீங்கள் அறிக்கையைத் திரும்ப வாங்கியதற்கு முன்தினமே மேனேஜர் மேலிடத்துக்குப் பன்னிரண்டு வருடம் கவலையில்லை என்று சொல்லிவிட்டாராம். நீங்கள் திரும்பிப் போய் ஒன்றரை வருடம்கூட இல்லை என்றதும், எல்லோரையும் வைத்துக்கொண்டு, எட்டாம் வகுப்புக் கணக்குக்கூடத் தெரியாதவனை எல்லாம் வேலையில் வைத்திருக்கிறோம் என்று கத்தினாராம். இந்தக் கணக்கை யாரிடமாவது காட்டித்தான் கையெழுத்துப் போட்டாயா என்றும் கேட்டாராம்.

"அண்ணன் ஒரே வார்த்தை சொன்னாருங்க. 'நான் போட்ட கணக்குதானுங்க, நாந்தான் கேக்க வேண்டியதக் கேக்கலை'ன்னாரு. அந்த வருசம் அவருக்கு வர வேண்டிய புரமோஷன் வரலீங்க. கோபுரத்துக்கு அடியில பாசி வழிச்ச நாலு பேர்ல என் தம்பியும் ஒருத்தனுங்க."

இலையில் இருந்ததை நான் தொடவில்லை. அன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்தார்கள். நான் குடிக்கவில்லை. ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். இவ்வளவு நாள் பழகி எனக்கு உங்கள் மேல் வந்த ஒரே கோபம் அது.

"பிள்ளைங்க பரீட்சையில தப்பா எழுதுனா, பக்கத்து ஊட்டுல யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டுத்தான் மார்க் குறைப்பீங்களா?" என்று சிரித்தீர்கள்.

அப்போது நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நேர்கோட்டை வரையும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தேய்மானம் முதல் நாளில் இருந்தே நடக்கிறதா என்று கேட்க நினைத்தேன். இயந்திரத்தோடு வாழ்கிற மனுஷன், அவருக்குத் தெரியாததையா நான் கேட்கப் போகிறேன் என்று விட்டுவிட்டேன். நீங்கள் டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்கும் அன்றைக்குப் பம்பு நினைவு வந்ததாம். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், அது தேவைப்பட்டிருந்தால் கேட்டிருப்பாரே என்று நீங்களும் விட்டுவிட்டீர்களாம்.

 உங்கள் வீட்டம்மாதான் கதவருகில் நின்று, "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மருவாதி குடுத்தே நாலு பேர வேக வெச்சிருப்பீங்க" என்றார்கள். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

அன்றைக்கு நாம் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். கணக்கு என்று வந்தால் மரியாதை கிடையாது. எந்த விடையைச் சொன்னாலும் மற்றவர் 'எப்ப இருந்து?' என்று கேட்டே தீர வேண்டும். "கணக்குல மருவாதி வேண்டாமுங்க" என்று நீங்கள் கையை நீட்டினீர்கள். "சரிங்க" என்று நானும் கொடுத்தேன். மரியாதை வேண்டாம் என்பதைக்கூட நம் ஊர்க்காரனால் 'ங்க' போடாமல் சொல்ல முடியவில்லை. அதற்கு வீட்டம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பழைய குழாய்க் கட்டை வெளியே எடுத்த அன்று, ஒரு விரல் நீளத் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "நம்ம பன்னெண்டு வருசம் இதுதானுங்க." ஒரு பக்கம் கறுத்துப் பழசாக இருந்தது. தகடு உரசிய பக்கம் பிறை வடிவில் பள்ளம் விழுந்து, தேய்த்த பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தது. தண்ணீரைக் குறைத்த பிறகு தேய்மானம் வேகம் தணிந்ததால்தான் வரம்பைத் தொடாமல் தப்பித்தது என்றீர்கள். அந்த அழகான பளபளப்பைப் பார்க்கும்போதெல்லாம் துண்டைத் திருப்பிக் கறுத்த பக்கம் தெரியும்படி வைத்துவிடுவேன்.

அந்தக் கேள்வியை நான் வகுப்பறைக்கும் கொண்டுபோனேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். மூன்று வருட மார்க்கையும் கூட்டிச் சராசரி பார்த்தால் குறை சொல்ல எதுவுமில்லை. பழைய நானாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். உங்களால் சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு பரீட்சையாகப் பார்த்தேன். காலாண்டுக்குப் பிறகுதான் சரிந்திருந்தது. எப்ப இருந்து சாமி உனக்குப் படிப்பு ஓடவில்லை என்று கேட்டேன். லாரிக்குப் போன அப்பா வீட்டுக்கு வராமல் போன நாளைச் சரியாகச் சொன்னாள். கணக்கில் கெட்டிக்காரிதான் அவள். அதற்கு மேல் செய்ய வேண்டியதைத் தலைமையாசிரியரும் நானும் செய்தோம். இன்றைக்கு அவள் ஆத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். இதை உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை கேளுங்கள்.

பிறகு உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. நான் வாரம் ஒரு தடவை, ஞாயிறு காலையில் வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, "எப்படிங்க இருக்கறேன்?" என்று கேட்டீர்கள். கன்னம் ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் கடிகாரம் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. நான் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கீங்க."

நீங்கள் என்னை விடாமல் பார்த்தீர்கள். உதட்டோரம் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"எப்ப இருந்துங்க, வாத்தியாரே?"

 வீட்டம்மா சமையலறையில் இருந்தார்கள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னேன். தீபாவளி வரைக்கும் மெதுவாகத்தான் குறைந்துகொண்டு வந்தீர்கள், தீபாவளிக்குப் பிறகு வேகமாகக் குறைகிறீர்கள் என்றேன். அதைச் சொல்லும்போது நான் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் பயப்படவில்லை. தலையணையில் சாய்ந்து மூச்சை விட்டீர்கள். பல நாளாக யாரோ ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"இப்பத்தானுங்க கணக்கு சரி" என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, "அப்ப வாரம் ஒருக்கா வந்து பாத்தாப் பத்தாதுங்களே" என்றீர்கள்.

பத்தாதுதான். மீதி குறைந்தால் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே. "நாளைக்கே வாரேனுங்க" என்றேன்.

மறுநாள் வந்தேன். அதற்கு மறுநாளும் வந்தேன். கடைசி வரைக்கும், பத்தொன்பது நாள், தினமும் வந்தேன். சில நாள் பேசினோம், சில நாள் நான் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தேன், சில நாள் நீங்கள் தூங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வாரம் ஒரு தடவை என்றே விட்டிருந்தால் எனக்கு இரண்டு நாள்தான் கிடைத்திருக்கும். நீங்கள் கேட்ட ஒரு கேள்வியால் எனக்குப் பத்தொன்பது கிடைத்தது.

இன்று சேலத்துக்குப் போனது வேறு எதற்குமில்லை. என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் அயோத்தியாப்பட்டணத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் கேட்டால் நல்லாயிருக்கேன் என்பார். போன தடவை அதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது. நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்ப இருந்துங்க ஐயா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெகுநேரம் சொன்னார். முழுக்கக் கேட்டேன்.

கிளம்பும்போது வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.